ஆட்டம் ஸ்டூ

கெர்ட்ரூட் வீட்டில் மாட்டிறைச்சியை யாரும் மாட்டிறைச்சி என்று சொல்வதில்லை. 'பெரிசு' என்பார்கள். சனிக்கிழமை கறி வாங்கப் பாசாருக்குப் புறப்படும்போது அவள் புருஷன் இருதயம், "பெரிசா, சின்னதா?" என்று கேட்பார். மாடா, ஆடா என்று அர்த்தம். கதவைச் சாத்திக்கொண்டு புருஷன் பெண்டாட்டி இரண்டே பேர் இருக்கும்போதும் இப்படித்தான் பேச்சு. கிள்ளானில் அவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடியின் சுவர்கள் அப்படி. பக்கத்து வீட்டில் தும்மினால் இங்கிருந்தே நூறாயுசு சொல்லலாம்.

பெரிசு சமைப்பதற்கென்று கெர்ட்ரூட் ஒரு முறை வைத்திருந்தாள். அதைச் சமையல் என்பதைவிடக் களவு என்பதுதான் சரி. ஞாயிறு விடிவதற்குள் கறியைக் கழுவி, மஞ்சளும் இஞ்சியும் தடவி, பழைய பிரஷர் குக்கரில் போட்டுச் சமையலறை ஜன்னலை இறுக்கி மூடிவிடுவாள். குக்கர் மூச்சுவிடத் தொடங்கும்போது பக்கத்து அடுப்பில் கருவாடு வறுபடும். கருவாட்டின் முன்னால் எந்த வாசம் நிற்கும்? அந்தத் தளமே மூக்கைப் பொத்திக்கொண்டு, "இருதயம் வீட்டுல இன்னிக்கும் கருவாடு" என்று முனகிக்கொள்ளும். அந்த மறைவில் மாடு வெந்து, மசாலாவில் புரண்டு, அவர்கள் பூசைக்குக் கிளம்புவதற்குள் மூடிபோட்ட சட்டிக்குள் அடங்கிவிடும். எலும்பைப் பழைய செய்தித்தாளில் சுற்றி, இருதயம் மோட்டார்சைக்கிளில் எடுத்துக்கொண்டுபோய்த் தூரத்தில் எங்கேயோ ஒரு குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வருவார். கொலை செய்தவன்கூட இவ்வளவு பாடுபடமாட்டான்.

சட்டம் தடுக்கவில்லை, அவர்கள் கும்பிடும் சாமியும் தடுக்கவில்லை. பின்னே எதற்கு இந்த வேஷம் என்றால், அதற்கு பிரிக்பீல்ட்ஸுக்குப் போகவேண்டும். கெர்ட்ரூட் அங்கே ரயில்வே குவாட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். அப்பாவுக்குத் தண்டவாளத்தில் வேலை. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு புனிதா என்று ஒரு சிநேகிதி. இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டேதான் திடலைச் சுற்றுவார்கள். ஒரு நாள் அப்படிச் சுற்றும்போது, நேற்று உங்கள் வீட்டில் என்ன கறி என்று புனிதா கேட்டாள். கெர்ட்ரூட் உள்ளதைச் சொன்னாள். புனிதா கத்தவில்லை, திட்டவில்லை. கோத்திருந்த கையை மெல்ல உருவிப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து வேறொரு பெண்ணோடு சுற்றினாள்.

கெர்ட்ரூட்டுக்கு இப்போது பேரன் எடுக்கும் வயது. எத்தனையோ பேர் எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள், எல்லாம் மறந்துபோயிற்று. அந்தக் கை துடைப்பு மட்டும் மறக்கவில்லை. தையல் மெஷினில் உட்கார்ந்து ரவிக்கை தைத்துக்கொண்டிருக்கும்போது காரணமே இல்லாமல் நினைவுக்கு வரும். காது மடல் சுடும்.

அவள் யாருக்கு ரொம்பவும் பயந்தாளோ அவள்தான் எதிர்வீட்டு சந்திரகலா. பயமுறுத்துகிற ஆள் இல்லை, பாவம். மகள் ஷாமினியைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்குக் குடிவந்த நாள் முதல் "அக்கா, அக்கா" என்று ஒட்டிக்கொண்டவள். அவளுடைய தோள் அளவு, கை அளவு எல்லாம் கெர்ட்ரூட்டுக்கு மனப்பாடம். பகல் முழுக்க இரண்டு வீட்டுக் கதவும் திறந்தே கிடக்கும், இரும்பு கிரில் மட்டும் சாத்தியிருக்கும். இந்த வீட்டில் இருந்தபடியே அந்த வீட்டுச் சங்கதியைக் கேட்கலாம், பதிலும் சொல்லலாம்.

அந்தக் கருவாட்டு வாசத்தை வைத்து சந்திரகலா ஒரு முடிவுக்கு வந்திருந்தாள்: இவர்களுக்குக் கருவாடு என்றால் உயிர். லோரி ஓட்டும் அவள் புருஷன் முகுந்தன் துறைமுகத்துப் பக்கம் போகும்போதெல்லாம், பூலாவ் கெத்தாம் தீவிலிருந்து வரும் நல்ல கருவாடாகப் பார்த்து வாங்கி வரச்சொல்லுவாள். "அண்ணனுக்குப் பிடிக்குமேன்னு கொண்டாந்தேன்க்கா." இருதயத்துக்கு ரத்தக் கொதிப்பு, உப்பே ஆகாது. கெர்ட்ரூட்டுக்கோ சின்ன வயதிலிருந்தே கருவாடு இறங்காது. வறுத்த கருவாடெல்லாம் கீழே கார் நிறுத்துமிடத்துப் பூனைகளுக்குப் போயிற்று. அந்தப் பூனைகள் கிள்ளானிலேயே கொழுத்த பூனைகள்.

இதுவரைக்கும் சிரிக்கலாம். சிரிக்க முடியாதது ஒன்று இருக்கிறது.

நாலைந்து வருஷத்துக்கு முன்னால் கெர்ட்ரூட்டுக்கு முழங்காலில் ஆபரேஷன். மகன் நைஜல் வேலைக்கு இங்கிலாந்து போய்விட்டான். இருதயத்துக்குச் சுடுதண்ணீர் வைக்கத் தெரியும், அதோடு சரி. சந்திரகலா ஒரு வார்த்தை கேட்காமல் இந்த வீட்டுச் சமையலறையைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். அது புரட்டாசி மாதம். பெருமாளுக்காக அவள் வீட்டில் மாதம் முழுக்கச் சைவம். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து இங்கேயே சமைத்தாள்; கெர்ட்ரூட்டைக் குளிப்பாட்டினாள், தலைவாரினாள். கடைசிச் சனிக்கிழமை பெருமாளுக்குப் படைக்கச் சர்க்கரைப் பொங்கல் வைக்கவேண்டும். அவளுடைய குக்கர் சின்னது. "உங்க குக்கர்லயே வச்சிர்றேன்க்கா, அண்ணன் வர்ற வரைக்கும் உங்கள விட்டுட்டுப் போக முடியாதே" என்று குரல் கொடுத்தாள்.

அந்தக் குக்கர். பெரிசு வேகும் குக்கர்.

கெர்ட்ரூட் கட்டிலில் படுத்திருந்தாள். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஏன் என்று கேட்பாள், கேட்டால் சொல்லவேண்டும். சொன்னால் அந்தக் கை என்ன செய்யும்? விசில் வரும்வரை யோசித்துக்கொண்டே கிடந்தாள். விசிலும் வந்துவிட்டது. நெய் மணக்க மணக்கப் பொங்கலை எடுத்துக்கொண்டு சந்திரகலா எதிர்வீட்டு சாமி அறைக்குப் போனாள். திரும்பி வந்து கெர்ட்ரூட்டின் வாயில் முதல் கரண்டியை ஊட்டியும்விட்டாள். அந்தப் பொங்கலை கெர்ட்ரூட் விழுங்கினாள். அன்றிலிருந்து அந்தக் குக்கரைத் தேய்க்கும்போதெல்லாம் கை கூசும். தூக்கிப்போட்டுவிட்டுப் புதிது வாங்கலாம். ஏன் பழையதைப் போட்டீர்கள் என்று சந்திரகலா கேட்பாளே என்று அதற்கும் பயம்.

இந்த நிலையில்தான் நைஜல் மெதுவாக வேகவைக்கும் மின்சட்டி ஒன்றை அனுப்பிவைத்தான்.

அங்கே அவன் ஊரில் இலையுதிர்காலம். தமிழில் அழகான சொல்தான். வெயிலும் மழையும் தவிர வேறொன்றும் தெரியாத கிள்ளானில் அதற்கு வேலை இல்லை. நைஜல் போனில் ஆங்கிலத்தில்தான் சொன்னான்: ஆட்டம். "ஆட்டம் வந்தா இங்க எல்லா வீட்லயும் ஸ்டூ வைப்பாங்கம்மா. பீஃப், காய்கறி எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுட்டு மறந்துரணும். சின்னச் சூட்டுல நாள் பூரா வேகும். வர்ற ஞாயிறு நீங்களும் வைங்க, நானும் வைக்கிறேன். எனக்கு மத்தியானம், உங்களுக்கு ராத்திரிச் சாப்பாடு. வீடியோ கால்ல ஒண்ணா சாப்பிடலாம்."

"நாள் பூராவா?" என்றாள் கெர்ட்ரூட். அவள் கவலை அவளுக்கு. "வாசம் வருமேடா."

"வரட்டும் லா. இன்னுமா ஒளிச்சு வச்சு சாப்பிடுறீங்க? யாரு கேக்கப் போறா?"

இங்கிலாந்தில் உட்கார்ந்துகொண்டு என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். ஆனால் மகனோடு உட்கார்ந்து சாப்பிட்டு இரண்டு வருஷம் ஆகிறது. அந்த ஆசைக்கு முன்னால் அவள் பயம் கொஞ்சம் ஒதுங்கி நின்றது. இருதயம் ஒரு வாரமாக "ஆட்டம் ஸ்டூ, ஆட்டம் ஸ்டூ" என்று வீட்டுக்குள் பாடிக்கொண்டே திரிந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலிலிருந்து வந்ததும் கெர்ட்ரூட் வேலையை ஆரம்பித்தாள். கறிக்கு முன்னங்கால் சதை. இழுத்தால் ரப்பர் மாதிரி வரும். நைஜல் அதுதான் நல்லது என்றான். மாவில் புரட்டி, எண்ணெயில் எல்லாப் பக்கமும் சிவக்க வாட்டி மின்சட்டியில் போட்டாள். வெங்காயம், கேரட், உருளைக்கிழங்கு, ஒரு கீற்றுப் பூசணி. அவன் ஏதோ வெள்ளைக் கிழங்கு சொன்னான். கிள்ளான் பாசாரில் அது கிடைக்காது, முள்ளங்கி போட்டாள். பிரிஞ்சி இலை, மிளகு, தக்காளி விழுது. மிளகாய் இல்லை, மசாலா இல்லை. "பிள்ளத்தாச்சிக்குப் பத்தியம் வைக்கிற மாதிரி இருக்கு" என்று இருதயம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஜன்னலை மூடினாள், கதவையும் சாத்தினாள். அங்கேதான் கணக்குத் தப்பியது. குக்கர் என்றால் கொஞ்ச நேரத்தில் வேலை முடிந்துவிடும். அதுவரைக்கும் கருவாடு காப்பாற்றும். நாள் பூராவும் கருவாடு வறுக்க முடியுமா? மசாலாவும் இல்லாததால் மாடு மாடாகவே மணத்தது. மத்தியானத் தூக்கம் முடிந்து அவள் எழுந்தபோது அந்த வாசம் கதவிடுக்கு வழியாகக் காரிடோருக்குப் போய், லிப்ட் வரைக்கும் நடந்துவிட்டு வந்திருந்தது. நல்ல வாசம்தான். அதுதான் வினை.

கிரில் தட்டும் சத்தம் கேட்டது. சந்திரகலா.

"என்னக்கா, பட்டப்பகல்ல கதவச் சாத்திக்கிட்டு? என்ன செய்யுறீங்க உள்ள? காரிடோர் பூரா கமகமன்னு தூக்குதே!"

அன்று புரட்டாசி முடிந்து வந்த முதல் ஞாயிறு. ஒரு மாதம் சாம்பாரும் பொரியலுமாக இருந்தவளின் மூக்கு எப்படி இருக்கும்? கெர்ட்ரூட் கதவைப் பாதி திறந்து பாதி மறைத்து நின்றாள்.

"நைஜல் சொன்னான்னு வச்சேன் சந்திரா. அவங்க ஊர்ல இப்ப வைப்பாங்களாம். ஆட்டம் ஸ்டூ."

"ஆட்டு ஸ்டூவா!" சந்திரகலாவின் முகம் மலர்ந்துவிட்டது. "அதான பாத்தேன். ஆடுன்னா இப்பிடித்தான் மணக்கும்."

கெர்ட்ரூட் வாயைத் திறந்தாள். ஆட்டு இல்லை, ஆட்டம் என்று திருத்தினால் போதும். ஆட்டம் என்றால் என்ன என்பாள். அது ஒரு காலம், மழைக்காலம் மாதிரி என்று சொல்லலாம். சரி, அப்போது என்ன கறி என்பாள். அங்கே போய் நாக்கு நின்றுவிட்டது.

"ஆமா" என்றாள்.

பொய் சொல்லவேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. பொய் தானாக எதிர்வீட்டிலிருந்து வந்து கையை நீட்டியது, அவள் பிடித்துக்கொண்டாள். இதுவரைக்கும் மறைத்திருக்கிறாளே தவிர, வாயால் இல்லாததைச் சொன்னதில்லை. அந்த ஒன்றாவது மிச்சம் இருந்தது. இன்று அதுவும் போயிற்று.

"எனக்கும் ஒரு கிண்ணம் வைங்கக்கா. ஒரு மாசமா நாக்கு செத்துப்போச்சு. அவரு பினாங்குக்கு லோட் ஏத்திட்டுப் போயிருக்காரு. நான் மட்டும்தான். ராத்திரிக்கு இடியாப்பம் அவிச்சு எடுத்துட்டு வரேன், ஒண்ணா சாப்பிடுவோம். ஒங்ககிட்ட ஒரு விஷயமும் சொல்லணும்." சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

கெர்ட்ரூட் கதவில் சாய்ந்து நின்றாள். உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த இருதயம் மெதுவாக வந்தார்.

"இப்ப என்ன பண்றது?"

"போயி ஆட்டுக்கறி வாங்கிட்டு வாங்க. அவளுக்கு மட்டும் தனியா வச்சுத் தரேன். ஓடுங்க."

இருதயம் மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினார். லிட்டில் இந்தியா பக்கம், பாசார் பக்கம், அதற்கும் அப்பால் எல்லாம் சுற்றிவிட்டு வியர்த்து வழியத் திரும்பினார். கையில் கோழி.

"ஆடே இல்ல கெர்ட்டி. கடைக்காரன் கட்டையக் கழுவிட்டு உக்காந்திருக்கான். 'அண்ணே, ஒரு மாசம் சைவம் இருந்த சனம், காலையிலயே வந்து வால் வரைக்கும் வாங்கிட்டுப் போயிருச்சு'ங்கிறான். சூப்பர்மார்க்கெட்ல ஐஸ்ல வச்ச ஆஸ்திரேலியா ஆடுகூடத் தீந்துபோச்சு." கொஞ்சம் தயங்கிவிட்டு, "கோழிய ஆடுன்னு..." என்று இழுத்தார். கெர்ட்ரூட் பார்த்த பார்வையில் கோழியைப் பிரிட்ஜுக்குள் வைத்துவிட்டுப் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

கெர்ட்ரூட் சமையல் மேடையைப் பார்த்தாள். மேலே அலமாரியில் பழைய குக்கர் கவிழ்த்து வைத்திருந்தது. ஆடு கிடைத்திருந்தால் அவசரத்துக்கு எதில் வேகவைத்திருப்பாள்? அதில்தான். அதை நினைத்ததும் அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. ஒரு பொய்யை மறைக்கப் போய் அதே அழுக்குச் சட்டியில்தான் வந்து விழுகிறாள்.

சந்திரகலா சொன்னபடி பொழுது சாய்ந்ததும் ஆவி பறக்கும் இடியாப்பத்தோடு வந்துவிட்டாள். தலையில் பூ வைத்திருந்தாள். ஏதோ விசேஷத்துக்கு வருகிறவள் மாதிரி முகத்தில் ஒரு களை. நேராகச் சமையலறைக்கு வந்து, தட்டு எங்கே இருக்கும், அகப்பை எங்கே இருக்கும் என்று கேட்காமலே எடுத்தாள். முழங்கால் ஆபரேஷன் காலத்திலிருந்து அந்தச் சமையலறை அவளுக்கும் பழக்கம்தான்.

"உப்பு கூடிப்போச்சு சந்திரா. வேணாம்" என்றாள் கெர்ட்ரூட்.

"பரவால்லக்கா, இடியாப்பத்துக்குச் சரியா இருக்கும்."

"சரியா வேகல போல."

"எது, இதா?" மூடியைத் திறந்து அகப்பையால் அழுத்திக் காட்டினாள். கறி நார்நாராகப் பிரிந்தது. முள்ளங்கியும் பூசணியும் குழம்போடு குழம்பாகக் கரைந்து, காலையில் ரப்பர் மாதிரி இருந்தது வெண்ணெயாகிக் கிடந்தது. "இதுக்கு மேல என்ன வேகணும்? கையோட வருது." கிண்ணத்தில் ஊற்றினாள். இடியாப்பத்தைப் பிய்த்து, குழம்பில் தோய்த்து, ஒரு துண்டுக் கறியையும் சேர்த்து எடுத்தாள். கூடத்தில் இருதயம் செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கை வாயை நோக்கிப் போனது.

"சந்திரா, சாப்பிடாத. அது மாடு."

அவள் கை அந்தரத்தில் நின்றது. மெதுவாகக் கிண்ணத்துக்கே திரும்பிப் போனது. கெர்ட்ரூட் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை.

"நீ ஆட்டுன்னு கேட்ட. நான் சொன்னது ஆட்டம். அது இங்கிலீஷ்ல ஒரு காலம். நான்... நான் திருத்தியிருக்கணும்."

சந்திரகலா ஒரு கணம் விழித்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அய்யோ! ஆட்டம், ஆட்டு! என் காதக் கொண்டுபோயி எங்க வைக்கிறது?" குழாயைத் திறந்து விரலைக் கழுவிக்கொண்டே சிரித்தாள். "திங்கிற ஆசையில எனக்கு ஆடுன்னு கேட்டிருக்கு பாருங்க. நல்ல வேள சொன்னீங்க. வேற யாராச்சும்னா சும்மா இருந்திருப்பாங்க. ஒங்க வாயில பொய் வராதுன்னு எனக்குத் தெரியும்க்கா."

இதைவிட அவள் கன்னத்தில் அறைந்திருக்கலாம். ஆனாலும் கெர்ட்ரூட்டுக்கு உள்ளே ஏதோ இறங்கி லேசானது. நாற்பது, ஐம்பது வருஷமாகச் சுமந்தது இவ்வளவுதானா? சொன்னால் சிரித்துவிடுவாளா? அவளுக்கு அழவும் சிரிக்கவும் வந்தது. புனிதாவை நினைத்து இத்தனை ஞாயிற்றுக்கிழமை ஜன்னலை மூடியிருக்கிறாளே!

"அட, வந்த விஷயத்தையே மறந்துட்டேன்" என்று சந்திரகலா குழாயை மூடிவிட்டுத் திரும்பினாள். குரல் தழைந்தது. "ஷாமினி முழுகாம இருக்கா. நேத்துதான் சொன்னா. ஒங்ககிட்டதான் மொதல்ல சொல்றேன்."

கெர்ட்ரூட் அவளைக் கட்டிக்கொண்டாள்.

"அன்னிக்கு ஒங்க குக்கர்ல பொங்கல் வச்சுப் படைச்சேனே, ஞாபகம் இருக்கா? அடுத்த மாசமே அவளுக்கு வரன் அமைஞ்சுது. ராசியான குக்கர்க்கா அது. இப்பவும் அதுலயே பெருமாளுக்குப் பொங்கல் வைக்கணும்னு வேண்டிக்கிட்டேன். நாளைக்குக் காலையில வைக்கணும், எடுத்துட்டுப் போகட்டுமா?" பேசிக்கொண்டே அலமாரியில் எட்டிக் குக்கரை எடுத்தாள். எடுத்த பிறகுதான் அவளுக்குத் தோன்றியிருக்கவேண்டும். குக்கரைப் பார்த்தாள், மின்சட்டியைப் பார்த்தாள். "இதுல நீங்க... அது ஏதும் இல்லல்ல?"

"இல்ல" என்றாள் கெர்ட்ரூட்.

அவ்வளவு சீக்கிரம் வந்தது அந்த வார்த்தை. சந்திரகலா நெஞ்சில் கைவைத்து, "அப்பாடா" என்றாள். "சும்மாதான் கேட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க." குக்கரின் ஒரு பிடியைப் பிடித்துக்கொண்டு கிளம்பினாள்.

கிளம்ப முடியவில்லை. மறுபிடியை கெர்ட்ரூட் பிடித்திருந்தாள். எப்போது பிடித்தாள் என்று அவளுக்கே தெரியாது.

"விடுங்கக்கா. கழுவிக் குடுத்துர்றேன்."

கெர்ட்ரூட் விடவில்லை. சொல்லவும் முடியவில்லை. கையில் மட்டும் எங்கிருந்தோ பலம் வந்திருந்தது. சந்திரகலா லேசாக இழுத்தாள். கெர்ட்ரூட்டின் விரல்கள் வெளுத்தன. சந்திரகலா அந்த விரல்களைப் பார்த்தாள், பிறகு கெர்ட்ரூட்டின் முகத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அவள் முகத்திலிருந்து சிரிப்பு, களை எல்லாம் ஒவ்வொன்றாக வடிந்தது.

"அன்னிக்கும் இதுலதானா?"

கெர்ட்ரூட் தலையசைத்தாள்.

"பொங்கல் வச்சப்போ? ஒங்களுக்குத் தெரிஞ்சு?"

"தெரியும். படுத்திருந்தேன். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடல." கெர்ட்ரூட்டின் கண்ணில் நீர் இறங்கியது. "அந்தக் கருவாடும் அதுக்குத்தான் சந்திரா. வாசம் தெரியாம இருக்க. எங்க வீட்ல யாரும் கருவாடு சாப்பிட மாட்டோம்."

எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். சொன்னால் சுமை குறையும் என்று நினைத்தாள். குறையவில்லை.

சந்திரகலா பிடியை விட்டாள். விட்ட கையைக் கட்டியிருந்த கைலியில் துடைத்துக்கொண்டாள்.

தெரிந்து செய்யவில்லை. ஈரக்கை, தானாகத் துடைத்தது. பாதித் துடைப்பில் கெர்ட்ரூட் பார்க்கிறாள் என்று தெரிந்ததும் கையை நிறுத்திவிட்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். இப்போது அவளுக்கும் வெட்கமாகிவிட்டது. இரண்டு பெண்களும் ஒரு குக்கரை நடுவில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றார்கள்.

"நான் வேணும்னு செய்யலக்கா" என்றாள் சந்திரகலா.

"தெரியும்."

அவள் இடியாப்பத் தட்டை எடுக்கவில்லை. வாசல்வரை போய், கிரிலைத் திறந்து, அங்கேயே நின்றாள். திரும்பாமல் பேசினாள், கோபமாகக்கூட இல்லை, புரியாமல் கேட்கிற குழந்தை மாதிரி இருந்தது குரல்.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா எங்க வீட்டுச் சட்டிய எடுத்துட்டு வந்திருப்பேனேக்கா. எதிர்லதானே இருக்கு."

எதிர்வீட்டுக் கிரில் சாத்தும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு கதவும் சாத்திக்கொண்டது. இந்நேரத்துக்கு அந்தக் கதவு சாத்தி கெர்ட்ரூட் பார்த்ததில்லை.

போன் அலறியது. நைஜல் கிண்ணத்தை முன்னால் வைத்துக்கொண்டு திரையில் சிரித்தான். அவனுக்குப் பின்னால் ஜன்னலில் ஒரு சிவந்த மரம். இருதயம் போனைச் சீனிடப்பா மேல் சாய்த்து வைத்தார்.

"என்னம்மா, ஆட்டம் ஸ்டூ எப்பிடி? வாசம் வந்துச்சுன்னு யாராச்சும் கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"பாத்தீங்களா, ஒண்ணும் ஆகலல்ல? நான்தான் சொன்னேனே!" என்று அவன் முதல் வாயைப் போட்டுக்கொண்டான்.

கெர்ட்ரூட்டும் சாப்பிட்டாள். சந்திரகலா பிழிந்த இடியாப்பத்தோடு சாப்பிட்டாள். தொண்டையில் இறங்காது என்று நினைத்தாள், இறங்கியது. கறி பஞ்சாக இருந்தது. காலையிலிருந்து சாப்பிடாத பசி. கிண்ணத்தில் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு முடித்தபோது தன்னைப் பார்க்கவே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

நைஜல் போனை வைத்த பிறகு அவள் எழுந்து சமையலறைக்குப் போய் ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

"வாசம் வெளிய போகும், கெர்ட்டி" என்றார் இருதயம், பழக்கத்தில்.

"போகட்டும்" என்றாள் கெர்ட்ரூட். "இனிமே யாருக்கு ஒளிக்கணும்?"